வீட்டுப்பாடத்தை மூடி வையுங்கள்

வணக்கம் சார்,

நான் மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, செல்லூரை ஒட்டிய ஒரு தெருவில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் மாலை நேர இலவச டியூஷன் நடத்துகிறோம். மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகள். பெற்றோர் பூக்கட்டுகிறவர்கள், லோடுமேன்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள்.

ஆரம்பத்தில் மாடி நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். நோட்டு, ஸ்கூல் பேக், ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் கொடுத்தோம். இப்போது பத்துப் பன்னிரண்டு பேர்தான். சில நாள் ஒருவர்கூட வருவதில்லை, காரணமும் சொல்வதில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்கிறார்கள் நண்பர்கள்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கேள்வி பதிலை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிடுவான். போன வாரம் அவன் எழுதியதையே வாசிக்கச் சொன்னேன். ஒரு வரிகூட வாசிக்கத் தெரியவில்லை. இத்தனை மாதமாக எங்கள் யாருக்கும் இது தெரியாது. பள்ளியில் கேட்டால், "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ் சார், நாங்க என்ன செய்யறது" என்கிறார்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வைத்தால் கூட்டம் வரும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். பள்ளிக்கு நிலத்தையே எழுதிக்கொடுத்த கொடிக்குளம் ஆயி பூரணம் அம்மாள் மாதிரி பெரிதாக எதுவும் செய்ய எங்களால் முடியாது. இருக்கிற பணத்தில் புத்தகம் வாங்கலாமா? என்ன வாங்கலாம்?

ந., மதுரை

* * *

அன்புள்ள ந.,

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து எட்டு வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டிய பிள்ளை, அந்த வகுப்பறையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்பில், அதுவும் நடு வருடத்தில் போய் உட்கார்ந்தது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த பிள்ளைகள் தப்பித்துக்கொண்டார்கள். உங்கள் பையன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகவோ, அதற்கு ஓரிரு வகுப்பு முன்பின்னாகவோ இருப்பான்.

அவன் மந்தமில்லை. பார்த்து எழுதுவது என்ற ஒரே ஒரு திறமையை வைத்துக்கொண்டு ஐந்து வகுப்பைத் தாண்டி வந்திருக்கிறான். எழுத்து அவனுக்குப் படம். படத்தைப் பிசகாமல் வரைகிறான். டீச்சர் நோட்டைத் திருத்துகிறார், டிக் போடுகிறார், கையெழுத்துக்கு 'நன்று' என்றுகூட எழுதிவிடுகிறார். சாயங்காலம் உங்களிடம் வருகிறான். நீங்களும் வீட்டுப்பாடத்தை முடிக்க உதவுகிறீர்கள். அதாவது கைடில் பதில் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டுகிறீர்கள், அவன் மறுபடியும் வரைகிறான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மறைக்கும் வேலையில், தெரியாமலே, உங்கள் மாடியும் சேர்ந்துகொண்டது.

எனவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். வீட்டுப்பாடத்தை மூடி வையுங்கள். முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்.

வீட்டுப்பாடம் முடிக்காமல் போனால் பள்ளியில் திட்டு வாங்குவானே என்பீர்கள். வாங்குவான். அதனால்தான் நீங்களே ஒருநாள் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு இவனுக்கு எழுத்து வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வாசிப்பைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அவர்களுக்கும் பையனின் நிலைமை தெரியும். நாற்பது பிள்ளைகளையும் பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு அவனோடு உட்கார நேரம் இல்லை, அவ்வளவுதான். ஆல் பாஸைக் குற்றம் சொல்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆறாவதில் ஃபெயிலாக்கி மறுபடி ஆறாவதிலேயே உட்காரவைத்தால் மட்டும் வாசிப்பு வந்துவிடுமா? படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவான்.

சரி, எப்படித் தொடங்குவது? வருகிற பிள்ளைகளைத் தனித்தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில் உட்காரவைத்து, ஒரு தாளைக் கொடுங்கள். அதில் சில எழுத்துகள், சில சின்னச் சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் நாலு வரி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் அசர் கணக்கெடுப்பில் 2005லிருந்து நாடு முழுக்கக் கிராமப் பிள்ளைகளிடம் கொடுப்பது இந்த மாதிரித் தாள்தான். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகாது. எங்கே நிற்கிறதோ அதை வைத்துக் குழு பிரியுங்கள். வகுப்பைப் பார்க்காதீர்கள். நம் அரசே 2022ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்தது இதற்காகத்தான்.

ஆனால் ஒன்று. பதினொரு வயதுப் பையனை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்து 'அணில், ஆடு' படிக்கச் சொன்னீர்கள் என்றால் மறுநாளிலிருந்து வரமாட்டான். அவனுக்குத் தனி மூலை, தனி ஆள், தனிச் சொற்கள். ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி, பெரியார் என்று பஸ் போர்டில் பார்க்கிற பெயர்கள், அவன் விரும்பும் நடிகர் பெயர், அவன் அம்மா பெயர். மதுரையில் வாசிக்கச் சுவருக்கா பஞ்சம்? காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்தில் தெருவெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புகளில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் அ, ஆ வரிசையில் தொடங்கவில்லை. அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொல்லில்தான் தொடங்கினோம்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் நண்பர்கள் எல்லோருமே சின்ன வயதிலேயே படிக்கக் கற்றவர்கள். தமிழ் எழுத்தில் எங்கே இடறும் என்பது நமக்கு மறந்துபோய்விட்டது. 247 எழுத்தையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவைப்பது வீண் வேலை. அ முதல் ஔ வரை பன்னிரண்டு, க முதல் ன வரை பதினெட்டு, அப்புறம் குறிகள். இவ்வளவுதான் கற்க வேண்டியது. சிக்கல் குறிகளில் இருக்கிறது. 'கொடி' என்ற சொல்லை எடுங்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாயில் வரவேண்டியதோ ஒரே ஒலி. கால் மட்டும் வரும் 'கா'வைச் சட்டென்று பிடித்துக்கொள்கிற பிள்ளை, 'கொ'வில் வந்து "கெ... கா..." என்று திண்டாடும். 'கௌ'வைக் 'கெள' என்று வாசிக்கும், அதில் அதன் தப்பு எதுவும் இல்லை. உகரம் இன்னும் மோசம். கு, சு, து, மு, ரு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது, ஒரு விதியைச் சொல்லி முடிக்க வழியில்லை. அதனால் கால், கொக்கி, சுழி முதலில். கொம்பு பிறகு. கு, கூ வரிசையைக் கடைசியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் சொல்லோடு சேர்த்தே காட்டுங்கள்.

இன்னொன்று, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை "ப, க, ல்" என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு 'பகல்' என்று சொல்லத் தெரியாமல் முழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தனியாகச் சொல்லும்போது 'க' வல்லோசை, சொல்லுக்கு நடுவே வந்தால் மென்மையாகிவிடுகிறது. பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாக இருந்தால் அந்த இடைவெளியை அதுவே தாண்டிவிடும். தெரியாத சொல் என்றால் எழுத்துக்கூட்டியும் பயனில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் 'நிலவியல்', 'மேலாண்மை' எல்லாம் இப்போது வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அப்புறம், ழகரத்துக்காகப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். "வாளப்பளம்" என்று வாசித்தால் வாசித்துவிட்டது என்று அர்த்தம். உச்சரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளைகள் மொத்தமாக வராத நாட்களைக் குறித்துவைத்து, தினசரி காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் பாதிக்கு மேல் முகூர்த்த நாளுக்கு முந்தின நாளாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். பூக்கட்டும் வீட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் எல்லாக் கையும் நாரோடுதான் இருக்கும், எட்டு வயசுக் கை உட்பட. கட்டுகிற அளவுக்குத்தான் கூலி. அந்த நாளில் பிள்ளையை அனுப்பச் சொல்வது அவர்கள் வீட்டு அரிசிச் செலவில் கை வைப்பது. முன்கூட்டியே காலண்டரில் பார்த்து அன்றைக்கு லீவு விட்டுவிடுங்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கூடுதல் வகுப்பு வையுங்கள், ஆடி வெள்ளிக்கு முந்தின நாளைத் தவிர. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் வகுப்பு நடத்துகிறேன் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

பசியையும் யோசியுங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைப் பசி ஓரளவு தீர்ந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரி வரை வயிற்றுக்கு எதுவும் இல்லை. ஆறு மணிக்குக் கொட்டாவி விடும் பிள்ளைக்குக் கொம்பும் காலும் ஏறாது. ஒரு கை சுண்டல் போதும். வந்தவுடன் கொடுங்கள், முடிகிறபோது வேண்டாம். முடியும்வரை காக்கவைத்தால் அது பிள்ளைகளைப் பிடித்துவைக்கும் உத்தியாகிவிடும்.

நோட்டு, பேக் கொடுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். போட்டோ எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆறாவது படிக்கிற பெண் பிள்ளை, தான் இலவச பேக் வாங்கும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விரும்பமாட்டாள்.

அந்தப் பணத்தை நான் வேறு விதமாகச் செலவழிப்பேன். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' என்ற மாலை வகுப்புத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது பாடமுறை அல்ல, ஆள் எடுத்த முறை. பிள்ளைகள் இருக்கும் இடத்திலேயே குடியிருக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஊரெல்லாம் வகுப்பு ஒரே தரத்தில் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை வராவிட்டால் நாலு வீடு தள்ளிப் போய் "ஏன்டா வரல" என்று கேட்க ஆள் இருந்தது. உங்கள் நண்பர்கள் நல்லவர்கள், ஆனால் ஆளுக்கொரு கிழமை வருகிறார்கள், பேரன் பேத்தியைப் பார்க்க பெங்களூருக்குப் போகிறார்கள். திங்கட்கிழமை சார் எந்த எழுத்தில் விட்டார் என்பது புதன்கிழமை சாருக்குத் தெரியாது. அந்தத் தெருவிலேயே பிளஸ் டூ முடித்த பெண், அல்லது திருமணமாகி வந்து வீட்டில் இருக்கும் ஒரு மருமகள் கிடைப்பார். அவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள், ஆயிரத்தைவிட நிறையவே கொடுங்கள். நீங்கள் அவருக்குப் பின்னால் நில்லுங்கள். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. உங்களை என்றைக்கும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் பிறகு வைக்கலாம். பெற்றோர் ஆசைப்படுவது நியாயம்தான். பேசும் மொழியிலேயே வாசிக்க முடியாத பிள்ளையை இன்னொரு மொழியின் எழுத்தில் தள்ளுவதில்தான் எனக்குச் சம்மதமில்லை. பூரணம் அம்மாளோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். கொடிக்குளம் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும், அதற்கு நிலம் தேவைப்பட்டது. 1 ஏக்கர் 52 சென்ட் கொடுத்தார். 2024 ஜனவரியில் ஊரே அறிந்தது. உங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது நிலமோ கட்டடமோ இல்லை.

புத்தகம் வாங்கலாம், ஆனால் மொத்தமாக இப்போதே வேண்டாம். அரசின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படியாக வந்திருக்கின்றன. பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் இரவல் கிடைக்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே இருக்கின்றன, பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். கதை வாசிக்கும் நிலைக்கு நாலைந்து பேர் வந்த பிறகு, புது நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், எந்தப் புத்தகம் பிடிக்கிறது என்று அவர்களே காட்டுவார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். பெண் பிள்ளைகளுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, பையன்களுக்கு மட்டும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.