ஒருசந்தி, மாத்திரை, பேயோட்டு: வாசகர் கேள்வி பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி: என் கொழுந்தன் மகனுக்கு 22 வயது. இரண்டு மாதமாக உறக்கமில்லை, தனக்குள் பேசுகிறான், சோற்றில் மருந்து கலந்திருக்கிறது என்கிறான். பேய் பிடித்திருக்கிறது, ஜெப வீட்டில் 40 நாள் கட்டி வைக்கவேண்டும் என்கிறார்கள். பங்குச் சாமியாரிடம் போவதா, டாக்டரிடம் போவதா?

முதலில் டாக்டரிடம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்துக்குக் காசில்லை. கிளம்புமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, ஒரு நாளில் எத்தனை மணி உறங்குகிறான், குடியோ கஞ்சாவோ உண்டா, சாகப்போகிறேன் என்று சொன்னானா, தலையில் அடி, வலிப்பு, காய்ச்சல் இருந்ததா. தாள் இல்லாவிட்டால் உடன் வந்த நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வார்கள்; டாக்டருக்கு நேரம் போதாது.

சாமியாரிடமும் போங்கள், ஆனால் பேயோட்டுவதற்கு அல்ல. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் எண் 1172-இன்படி, ஆயரின் (பிஷப்பின்) தனி அனுமதி இல்லாமல் யாரும் பேயோட்டக்கூடாது. மனநோய் வேறு, அதைப் பார்ப்பது மருத்துவம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே (எண் 1673) சொல்கிறது. வீட்டுக்கு வந்து செபிக்கச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஓர் ஆள் கேளுங்கள்.

கட்டி வைக்கும் பேச்சே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது 28 பேர் கருகினார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடுக்கிறது. இரவில் நிலைமை மோசமானால் 14416-க்குப் பேசுங்கள், இலவச மனநல உதவி எண். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

பாம்பனிலிருந்து ஒரு வாசகி: என் வீட்டுக்காரர் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார், ஒன்றரை வருடமாக நன்றாக இருக்கிறார், விசைப்படகுக்கும் போகிறார். தவக்காலம் முழுவதும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு) இருப்பேன் என்கிறார். இருக்கலாமா?

வேண்டாம். மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் ஒரு வகை உப்பு. உடம்பில் தண்ணீரும் சாப்பாட்டு உப்பும் குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) இருக்கவேண்டிய அளவு 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகிவிடும். இடைவெளி அவ்வளவுதான்.

காலையில் போய் மறுநாள் கரைக்கு வரும் படகில் வெயிலும் வியர்வையும் ஏற்கெனவே தண்ணீரை உறிஞ்சுகின்றன. அவருக்கென்று தனியாக ஒரு தண்ணீர்க் கேன் ஏற்றி விடுங்கள். வலை இழுத்த முதுகு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டால் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் கொடுப்பார்கள். இரண்டும் லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமால் போதும். கருவாடும் ஊறுகாயும் திடீரென்று கூடினால் நேர்மாறாக லித்தியம் இறங்கும். ஆகவே உப்பு என்றும் ஒரே அளவில் இருக்கட்டும்.

கை வெடவெடப்பு அதிகமாதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கவேண்டும். அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். முன்னதாகப் போட்டால் அளவு பொய்யாக ஏறித் தெரியும்.

திருச்சபை கட்டாயமாக ஒருசந்தி கேட்பது சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள்தான். அதிலும் நோயாளிக்கு விலக்குண்டு. வேறு என்ன ஒறுத்தல் செய்யலாம் என்று பங்குத்தந்தையிடம் கேட்கட்டும். அவர் வாயால் கேட்டால்தான் மனம் ஆறும்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்: தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயிலில் அடக்கப் பூசை கிடையாதா?

உண்டு. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டம் அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலையைச் சேர்க்கவில்லை. கடுமையான மனநோய் அவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்று மறைக்கல்வி (எண் 2282) சொல்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது.

மூக்கையூரிலிருந்து ஓர் அன்பியப் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) பொறுப்பாளர்: மனநோயாளிகள் இருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் பங்கில் ஏதாவது செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?

ஆறேழு குடும்பங்கள் போதும். மாதம் ஒரு முறை கூடுங்கள், ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் முற்றத்தில் மட்டும் வேண்டாம்; ஊரே பார்க்கும். யாராவது ஒருவர் வீட்டில், படகுகள் கரையில் இருக்கும் நாளாகப் பாருங்கள். நோயாளியின் பெயரைப் பூசை மன்றாட்டில் வாசிக்கவே கூடாது. இப்படி வாசித்த மறு வாரமே தங்கையின் கல்யாணப் பேச்சு முறிந்துபோகும் ஊர்கள் நம்முடையவை.

பெரிய உதவி மூன்று: ஆஸ்பத்திரி நாளில் உடன் போகும் ஆள், பஸ் காசு, பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு வாரம் மூன்று மணி நேர ஓய்வு. கடைசியில் சொன்னதற்கு இரண்டு பேர் சேர்ந்து போங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அந்த அம்மா அந்த நேரத்தில் உறங்கினாலும் சரி, சந்தைக்குப் போனாலும் சரி, கேள்வி கேட்காதீர்கள்.

பெரும்பாலும் கெடுவது ஓரிடத்தில்தான். குணமளிக்கும் தியானத்துக்குப் போய்விட்டு வந்து மாத்திரையை நிறுத்துவார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் மந்தம் விலகி முகம் தெளியும். குணமாகிவிட்டது என்று சாட்சியும் சொல்வார்கள். நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்தே திரும்பும் என்பதால் நிறுத்தியதையும் அதையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. தியானத்துக்குப் போகட்டும், மாத்திரையும் பையில் போகட்டும். நிறுத்துவதை, குறைப்பதை டாக்டர் மட்டுமே சொல்லவேண்டும் என்று தியானம் நடத்துபவர் மேடையிலேயே அறிவிக்கும்படி முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அலைகிற மீனவருக்கு அன்றாட மாத்திரை தவறும் என்றால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி உண்டு, டாக்டரிடம் கேட்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேலையை அந்த 61 நாளில் முடித்துவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் அதில் சேரும், 40 சதவீதப் பாதிப்பு தேவை. ஆதார், புகைப்படம், பழைய சிகிச்சைச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துப் போங்கள். சீட்டுகளைத் தொலைத்தவர்களுக்குத்தான் அலைச்சல் அதிகம்.