விருந்துக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீடு புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில். 2026 சித்திரைப் பிறப்பை ஒட்டி மொத்தக் குடும்பமும் நம் வீட்டில்தான் கூட வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். இருபத்தைந்து பேராவது வருவார்கள். கொழுந்தனார் கட்டியிருப்பது கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், அவளுடைய அப்பா அம்மாவும் வருகிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சின்ன மாமனாருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். நாத்தனார் பையனுக்கு முந்திரி ஆகாது, ஒரு தடவை உதடெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாமனார் சுத்த சைவம், மற்றவர்களுக்குக் கறியோ மீனோ இல்லாமல் விருந்தே இல்லை. என்றைக்கு வைப்பது, என்ன சமைப்பது? நினைத்தாலே தலை சுற்றுகிறது.
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: முதலில் நாளை முடிவு பண்ணிவிடுவோம். ஏப்ரல் 3 பெரிய வெள்ளி, அதைத் தொடவே வேண்டாம். 5-ஆம் தேதி ஈஸ்டர். சம்பந்தி வீட்டார் சனிக்கிழமை ராத்திரி திருவிழிப்புப் பூசை முடிந்து வரவே நேரமாகிவிடும், மறுநாள் அவர்கள் வீட்டிலேயே விருந்து இருக்கும், அன்றைக்கு அவர்களைக் கூப்பிட்டால் பெண் இரண்டு பக்கமும் இழுபட்டு நிற்பாள். 14-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சித்திரை 1, விடுமுறைதான், ஆனால் அன்றைக்கு அவரவர் வீட்டில் படையல் உண்டு, கோயிலுக்குப் போக வேண்டும், உங்கள் மாமனாரைப் போன்றவர்கள் வீட்டில் மீன் வாசனை வருவதையே விரும்பமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்களுக்கு அது இறை இரக்க ஞாயிறு, காலைப் பூசை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குள் வந்துவிடலாம். மீன்பிடித் தடைக்காலமும் 15-ஆம் தேதிதான் தொடங்குகிறது, அதனால் மீனும் கிடைக்கும்.

அடுத்தது, மெனு போடுவதற்கு முன்னால் போன். ஒரு வாரம் முன்னாடியே, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'யார் யாருக்கு என்ன ஆகாது' என்று கேட்காதீர்கள், சின்ன மாமனார் தன் வியாதியை அத்தனை பேர் முன்னால் எழுதமாட்டார், 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எது போட்டாலும் சாப்பிடுவேன்' என்றுதான் பதில் வரும். அவர் வீட்டில் சமைப்பவர் யாரோ, அனேகமாக உங்கள் சின்ன மாமியார், அவரிடம் கேளுங்கள். அவருக்குக் கிராம் கணக்கு வரைக்கும் தெரிந்திருக்கும். என்ன ஆகாது என்பதோடு நிறுத்தாமல், என்ன செய்தால் அவர் ஆசையாகச் சாப்பிடுவார் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியை நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சம்பந்தியம்மாவிடமும் இதே இரண்டையும் கேட்டுவிடுங்கள், புது உறவு என்பதால் அவர்களாக வாய் திறக்கமாட்டார்கள்.

சமையலில் என் கட்சி ஒன்றுதான்: யாருக்கும் தனித் தட்டு வேண்டாம். உடம்புக்கு முடியாதவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லாருக்கும் வாழை இலை போட்டு, அவருக்கு மட்டும் எவர்சில்வர் தட்டில் கஞ்சி வைப்பது எத்தனை அன்போடு செய்தாலும் வலிக்கும். இலையில் விழும் அடிப்படைச் சாப்பாடு எல்லாரும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும், கூடுதல் ஐட்டங்கள் பக்கத்தில் வரட்டும்.

முந்திரியில் மட்டும் சமரசமே கூடாது. பண்ருட்டி பக்கத்திலேயே இருப்பதால் நம் பக்கத்துச் சமையலில் முந்திரி கேட்காமலே வந்து விழும், குருமாவில் அரைத்திருக்கும், பாயசத்தில் மிதக்கும், பொங்கலில் வறுத்துக் கொட்டியிருக்கும். பையனுக்கு மட்டும் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது போதாது, அதை வறுத்த நெய்யும் கலக்கிய கரண்டியும்கூட ஆபத்துதான். அதனால் அன்றைக்கு வீட்டுக்குள் முந்திரியே நுழைய வேண்டாம். குருமாவுக்குத் தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைத்தால் கெட்டியாக நிற்கும், பாயசத்துக்குத் திராட்சையும் பல்லுப்பல்லாக நறுக்கி வறுத்த தேங்காயும் போதும். முந்திரி ஆகாதவர்களில் நிறையப் பேருக்குப் பிஸ்தாவும் ஆகாது, பாதாமும் வேறு கொட்டைகளும் எப்படி என்று பையனின் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து வருகிறவர்கள் கையில் கொண்டுவரும் ஸ்வீட் பாக்ஸும் மிக்சரும். போனிலேயே சொல்லிவிடுங்கள், 'இனிப்பு வேண்டாம், பழமோ பூவோ வாங்கிட்டு வாங்க' என்று. அப்படியும் தவறிப்போய்ச் சாப்பிட்டு, மூச்சு இழுக்கிறது, குரல் கம்முகிறது, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறான் என்றால் மாத்திரை கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் எந்த அவசரப் பிரிவு இருக்கிறதோ அங்கே உடனே போங்கள். முதல் தடவை உதடு வீங்கியதோடு போனது என்பதற்காக அடுத்த தடவையும் அவ்வளவோடு போய்விடும் என்று நம்ப முடியாது.

சின்ன மாமனாருக்குக் கவனிக்க வேண்டியது பொட்டாசியம், உப்பு, தண்ணீர் மூன்றும். சீசன் தொடங்குகிற பலாச்சுளை, வாழைப்பழம், வெயிலுக்கு இதமாக என்று நாம் நீட்டும் இளநீர் எல்லாமே பொட்டாசியம் அதிகமுள்ளவை. டயாலிசிஸில் இருப்பவருக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். சோடியம் குறைவு என்று கடையில் விற்கும் மாற்று உப்பை நல்லது என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள், பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பதே பொட்டாசியம்தான். சுரைக்காய், புடலங்காய், கோஸ் இவற்றைப் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும், ருசியும் தேங்காயும் கடுகும் இருக்கிறவரை குறையாது. எல்லாருக்குமே அப்படிச் செய்துவிடுங்கள். ரசம், மோர், பாயசம் எல்லாம் அவருடைய அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும், அதனால் மூன்றையும் வற்புறுத்தி ஊற்றாதீர்கள். அப்பளமும் ஊறுகாயும் அவர் இலைக்கு வேண்டாம். ஆனால் கோழியும் மீனும் அவருக்கு ஆகாது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புரதம் கூடுதலாகவே தேவைப்படும், எவ்வளவு என்பது டாக்டர் அவருக்குச் சொல்லியிருக்கும் அளவு.

மாமியார் விஷயத்தில் எல்லாரும் பாயசத்தையே பார்த்துக்கொண்டு நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். விருந்து வீடுகளில் பன்னிரண்டரைக்கு இலை போடுவதாகச் சொல்லி இரண்டரைக்குத்தான் போடுவார்கள், இன்சுலின் போட்டவர் அதுவரை காத்திருந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும், வியர்த்துக் கொட்டிக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். முதல் பந்தி பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும், அதுவும் சொன்ன நேரத்துக்கு. மாங்காய் பச்சடியில் வெல்லம்தானே, பாயசத்தில் கருப்பட்டிதானே என்று அள்ளி வைக்காதீர்கள், அவையும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஒரு ஸ்பூன் போட்டு, சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டி வைத்தால் அவரும் எல்லாரோடும் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

அசைவத்துக்கு மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ தனி அடுப்பு, தனிக் கரண்டி, பரிமாறுவதற்குத் தனி ஆள். மாமனாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவருக்கும் மரியாதை. மீன் குழம்பு ஒன்று, கோழி வறுவல் ஒன்று போதும். சனிக்கிழமை சாயங்காலம் காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, பெரிய மார்க்கெட்டுக்குப் போய் இலையும் பூவும் வாங்கி வருவது எல்லாவற்றையும் உங்கள் வீட்டுக்காரரிடமும் கொழுந்தனாரிடமும் கொடுத்துவிடுங்கள். இருபத்தைந்து பேர் சமையல் ஒரு ஆள் வேலை இல்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாமல் சுத்தபோசனம், பெரிய வெள்ளியன்று ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்று ஒருசந்தி. போன வருஷம் சிலுவைப் பாதையில் மயக்கம் போட்டு விழுந்தார். ஈஸ்டருக்குப் பேரப்பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள், அதற்குள் படுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடச் சொன்னால் கோபம் வருகிறது.
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: அம்மாவின் கோபம் நியாயமானது, அறுபது வருஷப் பழக்கத்தை மகன் ஒரு வார்த்தையில் விடச் சொன்னால் யாருக்குத்தான் வராது. ஆனால் திருச்சபைச் சட்டமே ஒருசந்தியை 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 நிறைந்தவர்கள் வரைக்கும்தான் கடமையாக வைத்திருக்கிறது. சுத்தபோசனத்துக்கு 14 வயதிலிருந்து, அதற்கு மேல்வரம்பு இல்லை. அதாவது இறைச்சியை விடுவதை அம்மா தாராளமாகத் தொடரலாம், பட்டினி இருக்க வேண்டிய கடமை அவருக்கு வயதாலும் இல்லை, உடம்பு முடியாதவர் என்பதாலும் இல்லை. இதை நீங்கள் சொல்வதைவிடப் பங்குச் சாமியார் சொன்னால் கேட்பார், போய்ச் சொல்லச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையில் சில வகை வெறும் வயிற்றில் சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடும், அதனால் பெரிய வெள்ளிக்கு முன்னால் டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள். அன்றைக்குக் காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் எளிமையாகச் சோறும் ஒரு காயும், ராத்திரி கஞ்சி, இப்படி இருந்தாலே அது எளிய சாப்பாடுதான். சிலுவைப் பாதைக்கு நீங்களும் கூடப் போங்கள், பையில் தண்ணீரும் நாலு கல்கண்டும் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏப்ரல் கடைசியில் ஒரு கூடல் வைத்திருக்கிறோம், சென்னையிலிருந்து வருகிறவர்கள் கடலூர் மீன் குழம்பு கேட்கிறார்கள். தடைக்காலத்தில் நல்ல மீன் கிடைக்குமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதுநகர்க்காரருக்கு நான் சொல்லவா? இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள்தான் கடலுக்குப் போகாது, மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக. கட்டுமரமும் சின்ன நாட்டுப் படகும் கரையோரம் போய் வரும், அதில் வருவது கொஞ்சம், விலையும் கூட. மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால் அந்தப் பக்கத்து மீன் ஐஸில் வரும், செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் குழி விழாமல் இருக்கிறதா, அழுத்தினால் சதை மேலே எழும்புகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வஞ்சிரத்துக்கு அலையாமல், அன்றைக்குக் கரையில் கிடைக்கிற நெத்திலியோ மத்தியோ வாங்கினால் குழம்பும் ருசி, கடலுக்குப் போய்வந்தவர் கைக்கும் காசு சேரும். ஒன்றுமே அமையவில்லை என்றால் நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு ஒரு குழம்பு வையுங்கள், சென்னைக்காரர்கள் சட்டி வழித்துச் சாப்பிடுவார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் கருவாட்டு உப்பு ஆகாது, அவர்களுக்கு வேறு குழம்பு வேண்டும்.

கேள்வி: சித்திரை 1 சாயங்காலம் குழந்தைகளோடு எல்லாரும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம் என்று திட்டம். மத்தியானச் சாப்பாட்டில் மிஞ்சியதையே எடுத்துப் போகலாமா? பிள்ளைகள் மயோனைஸ் வைத்த சாண்ட்விச் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: மிஞ்சியது வேண்டாம். சமைத்த சாப்பாட்டைச் சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பார்கள், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு, ஏப்ரல் மத்தியானத்தில் நம் ஊர் அதைத் தாண்டித்தான் இருக்கும். மறுபடி சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை, வெளியே கிடந்த சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விடுகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருஷத்துக்குத் தடை செய்ததே கிருமி சேர்ந்து சாப்பாடு நஞ்சாகிவிடும் என்று பயந்துதான். தடை இருக்கிறதோ இல்லையோ, குழந்தைகளுக்கு அதை வெயிலில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சாண்ட்விச்சுக்கு வெண்ணெயும் வெள்ளரியும் போதும்.

கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் புதிதாகப் புளிக்காய்ச்சல் போட்டுச் சோறு கிளறுங்கள், இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வையுங்கள், தேங்காய்ச் சட்னியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நறுக்கிய மாம்பழம் விற்கிற இடத்தில் வாங்க வேண்டாம், முழுப் பழமும் ஒரு கத்தியும் எடுத்துப் போங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது. அப்புறம் காலையில் செய்த வேப்பம்பூ பச்சடியைக் குழந்தைகள் தொடவில்லை என்று வருத்தப்படாதீர்கள், நாக்கில் ஒரு பூ வைத்தாலே போதும். சில்வர் பீச்சில் இலையையும் பாட்டிலையும் போடாமல் திரும்பக் கொண்டுவர ஒரு பெரிய பை, பிள்ளைகளில் மூத்தவர் யாரோ அவர் பொறுப்பில்.