பாதியில் நிற்கும் 'ஸ்டார்ம் ஃப்ரண்ட்': தொடரலாமா?

வணக்கம். ஜிம் புட்சரின் மாயாஜாலத் துப்பறியும் தொடரில் முதலாவதான 'ஸ்டார்ம் ஃப்ரண்ட்' நாவலைப் பாதிவரை படித்த பிறகு, கதைசொல்லியும் துப்பறியும் மந்திரவாதியுமான ஹாரி டிரெஸ்டன் பெண்களை வருணிக்கும் விதம் எரிச்சலூட்டுவதாகவும், தொடரையே விட்டுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் எரிச்சல் நியாயமானதே. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த நூலில், ஒரு பெண் எதற்காக வந்தாள் என்று தெரிவதற்கு முன்பே அவளுடைய தோற்றம் முழுவதும் நமக்கு ஒப்பிக்கப்பட்டுவிடுகிறது. பழைய துப்பறியும் கதைகளின் சாயல் அது என்று சிலர் கூறும் சமாதானம் எனக்குப் போதவில்லை; பிந்தைய நூல்களிலும் இக்குறை முற்றிலும் நீங்கிவிடவில்லை.

ஆயினும், சிகாகோவின் தொலைபேசிக் கையேட்டில் 'மந்திரவாதிகள்' என்னும் தலைப்பின்கீழ் ஒற்றைப் பெயராக இருந்துகொண்டு, தான் அருகில் நின்றாலே மின்கருவிகள் பழுதாகிவிடும் என்பதால் வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காலந்தள்ளி, மண்டையோட்டில் குடியிருக்கும் பாப் என்னும் ஆவியிடம் மருந்துச் சேர்மானம் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த மனிதரை என்னால் எளிதில் கைவிட முடியவில்லை. (அந்த ஆவியின் பேச்சும் உங்களுக்குப் பிடிக்காது என்று எச்சரித்துவிடுகிறேன்.)

கையிலுள்ள நூலை முடித்துவிடுங்கள். வழக்கு இறுதியில் நன்றாகவே சூடுபிடிக்கிறது. ஓநாய்மனிதர்களைப் பற்றிய இரண்டாம் நூலைத் தாண்டிச் சென்றாலும் பெரிய இழப்பில்லை. 2001-இல் வந்த மூன்றாவதான 'கிரேவ் பெரில்' நூலில்தான் இரத்தக்காட்டேரிகளுடனான நெடும்பகை மூண்டு, தொடர் தன் நடையைக் கண்டுகொள்கிறது. அதுவும் பிடிக்கவில்லையெனில் தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.