சுடோகு வேண்டாம், பால் கணக்கைக் கொடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஒரு வருடமாகக் கேட்டதையே திரும்பக் கேட்கிறார், பால் கணக்கில் குழம்புகிறார். 'டிமென்ஷியா இல்லை, ஆரம்பநிலை மறதிதான், மாத்திரை வேண்டாம்' என்கிறார் டாக்டர். மூளைக்குப் பயிற்சியாகச் சுடோகு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். தூக்கிப் போட்டுவிட்டார். என்ன செய்யலாம்?
- வாசகி, பாபநாசம்

பதில்: தூக்கிப் போட்டதில் தப்பில்லை. சுடோகு போடப் போடச் சுடோகுவில்தான் கெட்டிக்காரர் ஆவார். பால் கணக்கை இப்போது யார் பார்க்கிறீர்கள்? அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் (டிக்கெட் கணக்கு) எழுதிய கை அது. ஒரு நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா, பால் ஊற்றும் இடத்திலேயே தொங்கட்டும். ஊற்றியவுடன் எழுத வேண்டும். சாயங்காலம் யோசித்து எழுதினால்தான் குழப்பம். 'நேத்து யார் வந்தாங்க, சொல்லுங்க பார்ப்போம்' என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியாமல் விழிப்பது அவருக்கு அவமானம்.

டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா? காதைப் பரிசோதியுங்கள். பாதி காதில் விழாத பேச்சு மனதில் எப்படி நிற்கும்? காதுக்கருவி பற்றி 70 முதல் 84 வயதுள்ளவர்களிடம் அமெரிக்காவில் 3 ஆண்டு நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. மொத்தத்தில் காதுக்கருவியால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால், சர்க்கரை, பிரஷர் போன்றவை அதிகமாக இருந்த பிரிவினரிடம் அறிவாற்றல் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே இருப்பதால் சொல்கிறேன். கருவி வாங்கி அலமாரியில் வைக்கும் வீடுகளும் உண்டு; பழகச் சில வாரம் ஆகும், விடாதீர்கள்.

நடை கட்டாயம். ஆரம்பநிலை மறதிக்கு வாரம் இருமுறையாவது உடற்பயிற்சி என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018இலேயே பரிந்துரைத்தது. தனியாக நடக்க அலுத்துக்கொள்வார். பழைய டிப்போ நண்பர் யாராவது பக்கத்தில் இருந்தால் சேர்த்துவிடுங்கள், பேச்சும் ஓடும்.

அப்புறம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறார் என்றால் பி12 வைட்டமின் குறைந்திருக்கலாம். அதுவும் மறதியைக் கூட்டும். தைராய்டோடு சேர்த்து ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கடையில் தானாக வாங்கிப் போடும் சளி மாத்திரை, தூக்க மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அழைத்துப் போங்கள். பழகிய தெருவில் வழி தடுமாறினாலோ, மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டாலோ, அதுவரை காத்திருக்க வேண்டாம்.