தொழில் விஷயமாக வெளிநாடு போகும்போது மறக்க முடியாத அனுபவம் எது? நம்மைப் பற்றி நாமே தெரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது?

கேள்வி பொதுவாக இருப்பதால், நன்றாகத் தெரிந்த ஒரு பயணத்தை வைத்தே பதில் சொல்கிறேன். பாத்திரம், ஃபிளாஸ்க், சமையலறைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் சீனாவின் குவாங்சோ நகரில் நடக்கும் கான்டன் ஃபேர் என்ற வணிகச் சந்தைக்குச் சரக்கு பார்க்கப் போவதுதான் அது.

ஊரில் நம் கொள்முதலில் பாதி வேலையைப் பேச்சு செய்துவிடுகிறது. பழக்கம், உறவு, "பார்த்துப் போட்டுக் கொடுங்கண்ணே" எல்லாம் சேர்ந்து விலையை இறக்கும், தரக் குறையைச் சமாளிக்கும். குவாங்சோவில் இறங்கியதும் அது கைவிட்டுப் போகிறது. அப்போது மிஞ்சுவது சரக்கைப் பற்றி நமக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பதும், பேச முடியாத நேரத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும்தான். இந்த இரண்டையும் ஒரு வியாபாரி இவ்வளவு தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அடிப்படை விவரம். 1957-இல் தொடங்கிய சந்தை இது. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்தைந்து நாளாக மூன்று கட்டம். சமையலறைப் பொருள், பரிசுப் பொருள், வீட்டு அலங்காரம் இரண்டாம் கட்டத்தில் வரும்: ஏப்ரல் 23–27, அக்டோபர் 23–27. முதல் கட்டம் மின்னணு சாதனம், இயந்திரம், ஹார்டுவேர். மூன்றாவது பொம்மை, துணி, எழுதுபொருள். கட்டம் மாறிப் போய் நின்றால் உங்கள் சரக்கு ஒன்றுகூட அங்கே இருக்காது. விமான டிக்கெட் போடுவதற்கு முன்பு இந்தத் தேதிகளை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபாருங்கள். சந்தையின் இணையதளத்தில் பதிவு செய்தால் அழைப்புக் கடிதம் கிடைக்கும். அதை வைத்து 'எம்' வகை வணிக விசா கேட்கலாம். முன்பதிவு செய்தவர்களுக்கு நுழைவு அட்டை இலவசம். அதைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த முறையும் உதவும்.

சந்தை வளாகம் இருப்பது பாசோ தீவில். காட்சிப் பரப்பு 15 லட்சம் சதுர மீட்டருக்கு மேல், கடைகள் 70,000-க்கு மேல். ஒரு ஸ்டால் பொதுவாக 3 மீட்டருக்கு 3 மீட்டர். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பொருள் இருக்கும் இரண்டு மூன்று அரங்குகளை வீட்டிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள். பழைய, நன்றாகப் பழகிய ஷூ போடுங்கள். வளாகத்துக்கு அருகில் தங்கினால் அந்த நாட்களில் அறை வாடகை எகிறிவிடும். மெட்ரோ 2-ஆம் பாதையில் சான்யுவான்லி பக்கம் தங்கி, சாங்காங் நிலையத்தில் 8-ஆம் பாதைக்கு மாறினால் நேராகச் சந்தைக்கே வந்துவிடலாம்.

இனி ஸ்டாலுக்குள் போவோம். ஒரு டிபன் கேரியரையோ தூக்குவாளியையோ கையில் எடுத்து "என்ன விலை?" என்று கேட்டால், அவர்கள் விலை சொல்ல மாட்டார்கள். திருப்பிக் கேள்வி கேட்பார்கள். எந்த கிரேடு ஸ்டீல்? எத்தனை மில்லிமீட்டர் தகடு? உள்பக்கம் பாலிஷா, மேட்டா? தனிப் பெட்டியா, வெறும் பாலித்தீன் உறையா? எத்தனை பீஸ்? இருபது வருடம் பாத்திரக் கடை நடத்தியவரே இங்கே தடுமாறுவார். ஏனென்றால் இவை எல்லாவற்றையும் இதுவரை அவருக்காக வேறு யாரோ முடிவு செய்து வந்திருக்கிறார்கள். தகட்டின் தடிமனுக்கு நம் ஊரில் கேஜ் கணக்கு, அங்கே மில்லிமீட்டர். 22 கேஜ் என்றால் சுமார் 0.7 மி.மீ., 24 கேஜ் என்றால் சுமார் 0.56. தகடு 0.5-இலிருந்து 0.4-க்கு இறங்கினால் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. "விலையைக் குறைங்க" என்று மட்டும் அழுத்தினால் குறையப் போவது இந்தத் தடிமன்தான். கேட்டது கிடைத்துவிட்டது என்ற திருப்தியோடு திரும்புவீர்கள். விஷயம் தெரிவது கண்டெய்னர் சென்னைக்கு வந்த பிறகு.

கிரேடு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பலர் சட்டைப் பையில் காந்தம் கொண்டுபோகிறார்கள். அது போதாது. 304, 201, 430 என்பவை ஸ்டீல் கிரேடுகளின் எண்கள். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 201-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டுவது 430-இல். அதே சமயம் ஆழமாக அழுத்தி எடுத்த 304 பாத்திரத்தின் விளிம்பில் லேசாக ஒட்டும். ஆகவே காந்தம் நல்லதைக் கெட்டது என்றும் சொல்லும், கெட்டதை நல்லது என்றும் சொல்லும். இதற்கென்றே சோதனைத் திரவம் விற்கிறார்கள், கூடவே சின்ன பேட்டரியும் இருக்கும். பாத்திரத்தைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொட்டுச் சில விநாடி பிடித்தால், 201-இல் சொட்டு சிவப்பாக மாறும். 304-இல் அந்தச் சிவப்பு வராது. நம் சமையலில் புளியும் உப்பும் இரவெல்லாம் பாத்திரத்தில் கிடக்கும். 201-இல் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுவது அங்கேதான் தொடங்கும். மாதிரியில் 304, சரக்கில் 201 என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. அதனால் கிரேடையும் தடிமனையும் புரோஃபார்மா இன்வாய்ஸிலேயே (சரக்கு அனுப்பும் முன் விற்பவர் தரும் விலைச்சீட்டு) எழுதச் சொல்லுங்கள். மாதிரி இரண்டில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது கை ஜாடையை நம்ப வேண்டாம். அவர்கள் ஒரே கையில் பத்து வரை காட்டுவார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் நாம் இரண்டு என்று எடுத்துக்கொள்வோம், அவர்களுக்கு அது எட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி வளைத்தால் ஒன்பது. மூடிய முஷ்டி பத்து. எந்த எண்ணையும் கால்குலேட்டரில் அடித்து, யுவானா டாலரா, ஆலை விலையா எஃப்.ஓ.பி.யா என்று எழுதி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலை விலை என்றால் துறைமுகம் வரை வண்டிச் செலவும் ஏற்றுமதிச் செலவும் உங்கள் தலையில். எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏற்றும் வரை செலவு அவர்களுடையது.

பார்ப்பதெல்லாம் பிடித்துப்போவதும் நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றுதான். முதல் நாள் மாலைக்குள் முப்பது ஐட்டம் குறித்துவிடுவோம். அதை அடக்க ஒரு கணக்கு போதும். 60×40×50 செ.மீ. அட்டைப்பெட்டி 0.12 கன மீட்டர். பெட்டிக்கு 24 பீஸ் என்றால் 1,000 பீஸுக்கு 42 பெட்டி, அதாவது 5 கன மீட்டர். 20 அடி கண்டெய்னரில் நடைமுறையில் 28 கன மீட்டர்தான் ஏறும். குறைந்தபட்ச ஆர்டர் ஒரு ஐட்டத்துக்கு 1,000 பீஸ் என்றால் ஐந்து ஐட்டத்தோடு கண்டெய்னர் நிறைந்துவிடும். முப்பதில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க உட்காரும் அந்த இரவுதான், உங்கள் கடையில் உண்மையில் எது ஓடுகிறது, எது உங்கள் ஆசைக்காக அலமாரியில் நிற்கிறது என்று காட்டிக்கொடுக்கும். கடந்த வருட விற்பனைக் கணக்கு போனில் இருந்தால் அந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்.

சந்தை முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு நாள் ஒதுக்கி ஆலையைப் போய்ப் பாருங்கள். ஸ்டீல் பாத்திரத்துக்கு குவாங்டோங் மாகாணத்திலேயே சாவ்சோ பக்கம் சாய்தாங் என்ற ஊர் பேர்போனது. குவாங்சோவிலிருந்து அதிவேக ரயிலில் சாவ்ஷான் நிலையம் போய் அங்கிருந்து கார். ஃபிளாஸ்க் என்றால் செஜியாங் மாகாணத்து யோங்காங், அது தூரம்.

என் பார்வையில் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி சாவ்சோவில்தான் இருக்கிறது. ஆலைக்குள் நுழைந்ததும் எந்திரத்தைக் காட்ட மாட்டார்கள், தேநீர் மேஜையில் உட்கார வைப்பார்கள். முதலாளியே தேநீர் போடுவார். மூடி போட்ட சின்னக் கிண்ணம் நிறைய இலை, பக்கத்து ஃபெங்ஹுவாங் மலையில் விளைந்தது. கொதிநீர் ஊற்றி முதல் நீரைக் கீழே கொட்டிவிடுவார். அது இலையையும் கோப்பையையும் அலச. பிறகு மூன்று குட்டிக் கோப்பைகளில் சுற்றிச் சுற்றி ஊற்றுவார், எல்லாவற்றிலும் ஒரே திடம் இருக்கும்படி. ஆள் எத்தனை பேர் இருந்தாலும் மரபுப்படி மூன்று கோப்பைதான், மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். கோப்பை இரண்டு மூன்று வாய்க்குள் காலியாகும், உடனே மறுபடி நிறையும். ஊற்றும்போது ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மேஜையை மெல்லத் தட்டினால் நன்றி சொன்னதாக அர்த்தம். இப்படியே முக்கால் மணி நேரம் போகும், தொழில் பேச்சு அதிகம் இருக்காது.

இந்த அமைதி நமக்குப் பழக்கமில்லாதது. ஏதாவது பேசி அதை நிரப்பத் தோன்றும். பேச ஆரம்பித்தால் "அடுத்த தடவை இரண்டு கண்டெய்னர் எடுக்கிறோம்", "அட்வான்ஸ் இன்றே போட்டுவிடலாம்" என்று கேட்காத வாக்குறுதிகள் வரும். அது பேரத்தில் நம் பக்கத்தைத்தான் இளக்கும். அவர் உங்களைச் சோதிப்பதாக நினைத்துப் பதற வேண்டாம். அந்த ஊரில் வீட்டுக்கு யார் வந்தாலும் இப்படித்தான் உபசரிப்பார்கள். குடியுங்கள், இலையைப் பற்றிக் கேளுங்கள், சும்மா இருங்கள். அங்கே அமைதியாக உட்கார முடிந்தவருக்கு அதன் பிறகு எந்த மேஜையிலும் பேரம் பேச வரும் என்று உறுதியாக நம்புகிறேன். பிறகு ஆலையைச் சுற்றும்போது தகடு உருளையின் மேல் ஒட்டிய சீட்டைப் பாருங்கள், கிரேடும் தடிமனும் அதில் இருக்கும். பாலிஷ் பகுதியையும் பேக்கிங் மேஜையையும் கட்டாயம் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், ஆனால் தயாராகப் போக வேண்டும். "காய்கறி மட்டும்" என்று சொன்னால் கீரை வதக்கல் வரும், அதில் சிப்பிச் சாஸோ பன்றிக் கொழுப்போ இருக்கும். இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, சிப்பிச் சாஸ், விலங்குக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிய ஒரு வரியைப் படமாகப் போனில் வைத்துக் காட்டுங்கள். வெந்நீர் எங்கும் கிடைக்கும்.

போன் விஷயத்தில், வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் அங்கத்திய வைஃபையில் வேலை செய்யாது. இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டால் வேலை செய்யும், வங்கி ஓ.டி.பி.யும் வரும். அங்கே பணம் கொடுக்கப் பயன்படும் அலிபே செயலியில் விசா அல்லது மாஸ்டர்கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதக் கட்டணம் உண்டு. சீனர்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வீசாட் செயலியிலும் கிளம்பும் முன்பே கணக்கு திறந்துவிடுங்கள். சில நேரம் பழைய பயனர் ஒருவர் உறுதிசெய்ய வேண்டியிருக்கும், அங்கே போய் ஆள் தேட முடியாது.

கடைசியாகப் பணமும் நேரமும். வழக்கமான முறை 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) நகல் வந்த பிறகு. பணம் போகும் கணக்கு, 18 இலக்கப் பதிவு எண் உள்ள தொழில் உரிமத்தில் இருக்கும் அதே கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்குப் போடாதீர்கள். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால், நேரில் பார்த்த அதே ஆளிடம் வீடியோ காலில் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இந்திய சுங்கத்துக்கு ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதி எண் தேவை. பொம்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். முத்திரை 2021-இலிருந்து கட்டாயம். பாத்திரம், ஃபிளாஸ்க் வகைகளுக்கும் அதே போன்ற உத்தரவுகள் வந்திருக்கின்றன. முத்திரை போடுவதற்கான உரிமம் வெளிநாட்டு ஆலையின் பெயரில் இருக்க வேண்டும், சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு வாங்க முடியாது. ஆகவே ஸ்டாலில் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "உங்கள் ஆலைக்கு பி.ஐ.எஸ். உரிமம் இருக்கிறதா?" என்பதுதான். தீபாவளி விற்பனைக்கு ஏப்ரல் சந்தையில் ஆர்டர் கொடுத்தால் மாதிரி ஒப்புதல், 35–45 நாள் தயாரிப்பு, இரண்டு மூன்று வாரக் கடல் பயணம், சுங்கம் எல்லாம் முடிந்து ஆகஸ்டில் சரக்கு கிடங்குக்கு வரும். அக்டோபரில் கொடுக்கும் ஆர்டரைச் சீனப் புத்தாண்டுக்கு முன்பே கப்பலேற்றச் சொல்லுங்கள். தவறினால் ஆலைகள் மூடித் திறந்து வேலை சூடுபிடிக்க ஒரு மாதம்போல ஆகும்.