பக்கத்து சீட்டு காலியாகி மூணு வாரம் ஆச்சு

வணக்கம் மேடம். எனக்கு 39 வயசு, சோழிங்கநல்லூர்ல ஒரு ஐடி கம்பெனில டெஸ்டிங்ல இருக்கேன், இதே கம்பெனில 14 வருஷம். மூணு வாரம் முன்னாடி ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு எங்க டீம்ல நாலு பேருக்கு ஹெச்ஆர் கிட்ட இருந்து மீட்டிங் இன்வைட் வந்துச்சு. அதுல ஒருத்தி என் பக்கத்து சீட்டு, பதினோரு வருஷமா ஒருத்தி டப்பால ஒருத்தி கை வச்சு சாப்பிட்டவங்க நாங்க. அரைமணி நேரத்துல திரும்பி வந்தா, லேப்டாப்பை ஒப்படைச்சா, செக்யூரிட்டி கூடவே நின்னாரு, என்னைப் பாத்து "வரேன்டி"ன்னு மட்டும் சொன்னா. நான் எந்திரிச்சு லிஃப்ட் வரைக்கும் கூட போகல மேடம். அந்த நேரத்துல என் மனசுல ஓடினது "நல்லவேளை, நான் இல்ல". இதை எழுதவே கூசுது.

அதுக்கப்புறம் அவளுக்கு நான் போன் பண்ணவே இல்ல. அவ பாத்த வேலையும் இப்ப என் தலைலதான், ராத்திரி பத்து மணி ஆகுது. மேனேஜரைக் கேட்டா "இன்னொரு ரவுண்டு இருக்கலாம், எனக்கே தெரியாது"ங்கறார். வியாழக்கிழமை வந்தா மதியத்துக்கு மேல கை சில்லுன்னு ஆயிடுது, மெயில் சத்தம் கேட்டாலே வயித்தை பிசையுது, ராத்திரி மூணு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே இல்ல. மேடவாக்கம் ஃப்ளாட்டுக்கு மாசம் 38,000 இஎம்ஐ, பொண்ணு பத்தாவது. வீட்டுக்காரருக்கு பிபி இருக்கறதால அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. பேசாம நானே பேப்பர் போட்டுடலாமான்னு தோணுது, தூக்கறதுன்னா சீக்கிரம் தூக்கித் தொலைங்களேன்னு கத்தணும் போல இருக்கு. எனக்கு ஏதாவது ஆயிடுச்சா மேடம்?

பதில்:

வணக்கம்மா. சீக்கிரம் தூக்குங்கன்னு கத்தணும் போல இருக்குன்னு எழுதிருக்கீங்கள்ல, அங்கிருந்தே ஆரம்பிக்கறேன். 2016ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 45 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. கம்ப்யூட்டர் கேம்ல ஒரு கல்லு வரும், அதுக்கடியில பாம்பு இருக்கா இல்லையான்னு சொல்லணும், பாம்பு இருந்தா கையில சின்னதா ஒரு ஷாக். ஷாக் கண்டிப்பா வரும்னு தெரிஞ்சப்ப இருந்த டென்ஷனை விட, வரலாம் வராமலும் போகலாம்னு பாதிக்குப் பாதி இருந்தப்பதான் டென்ஷன் உச்சத்துல இருந்துச்சு. நீங்க மூணு வாரமா அந்த பாதிக்குப் பாதியிலதான் உக்காந்திருக்கீங்க. கை சில்லுங்கறதும் வயித்தை பிசையறதும் பைத்தியத்தோட அறிகுறி இல்லம்மா, ஆபத்து வருதுன்னு உடம்பு தயாராகுது, அவ்வளவுதான். ஆனா அந்தத் தவிப்பு முடியணுங்கறதுக்காக மட்டும் பேப்பர் போடாதீங்க, இதை நான் அழுத்தியே சொல்றேன்.

ஒருவேளை அந்த ரூமுக்கு உங்களையும் கூப்பிட்டா, ரிசிக்னேஷன்ல இப்பவே கையெழுத்து போடுங்கன்னுதான் பெரும்பாலும் கேப்பாங்க. நீங்களே எழுதிக் குடுத்துட்டா பின்னாடி கம்பெனிதான் அனுப்புச்சுன்னு நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம், அதனால "மெயில்ல அனுப்புங்க, படிச்சிட்டு வக்கீலைக் கேட்டுட்டு சொல்றேன்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுங்க. அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் இந்த வாரமே ஒரு காப்பி வீட்டுல இருக்கட்டும். அஞ்சு வருஷம் தாண்டினவங்களுக்கு கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போறப்ப கம்பெனி மொத்தமா தர்ற பணம், உண்டு, கடைசி பேசிக்கை 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி சர்வீஸ் வருஷத்தால பெருக்கிப் பாருங்க, பேசிக் 40,000னு வச்சுக்கிட்டா 14 வருஷத்துக்கு சுமார் 3,23,000 வரும். அதை உங்க இஎம்ஐயால வகுத்தா எட்டு மாசம். ராத்திரி மூணு மணிக்கு முழிச்சா மனசு "எல்லாம் போச்சு"ன்னுதான் சொல்லும், அப்ப இந்த எட்டுங்கற நம்பர் கையில இருந்தா கொஞ்சம் பிடிமானமா இருக்கும்.

வீட்டுக்காரர்கிட்ட இந்தக் கணக்கோடயே பேசுங்க. பிபின்னு மறைக்கறீங்க, சரி, ஆனா பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து மூணு மணிக்கு முழிச்சு உக்காந்திருக்கற பொண்டாட்டியைப் பாத்து அவர் ஏற்கனவே என்னென்னமோ நினைச்சிட்டிருப்பார். தூக்கம் இன்னும் ரெண்டு வாரத்துல சரியாகலன்னா ஒரு டாக்டரைப் பாருங்க, ராத்திரில தாங்க முடியலன்னா 14416க்கு கூப்பிடுங்க, மனசு கஷ்டத்தைப் பேச அரசாங்கம் நடத்தற டெலி மானஸ் போன் லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

இப்ப உங்க தோழி. "நல்லவேளை, நான் இல்ல"ன்னு தோணினதுல தப்பே இல்லம்மா, பக்கத்துல இடி விழுந்தா முதல்ல நம்ம உடம்பைத்தான் தொட்டுப் பாப்போம். உங்களை இப்படி அரிக்கறது அந்த நினைப்பு இல்ல, அதுக்கப்புறம் வந்த மூணு வார மௌனம்தான்னு எனக்குத் தோணுது. அவங்க அங்க என்ன நினைப்பாங்க, பதினோரு வருஷம் கூட இருந்தவளே பேசலன்னா தன் மேலதான் ஏதோ குறைன்னு நினைக்க மாட்டாங்களா? போன் பண்ணி வேலை கிடைச்சுதான்னு எடுத்ததும் கேக்காதீங்க. "அன்னைக்கு லிஃப்ட் வரைக்கும் கூட வந்திருக்கணும்டி, பயந்துட்டேன்"னு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு டப்பா சோறு கட்டிக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வாங்க.