ஒரே ராக் குழு, ஒரே பாட்டு: ஊருக்கு ஊர் ஆரவாரம் ஏன் மாறுகிறது?

கூட்டத்தின் உற்சாகம் என்பது ஒவ்வொருவர் ரசனையையும் கூட்டிப் போட்ட கணக்கு அல்ல. அது ஒரு தொற்று. பக்கத்தில் இருப்பவர் கத்தினால்தான் நமக்கும் வாய் திறக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காவடி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நாலு பேர் சேர்ந்து ‘அரோகரா’ என்றால் கூட்டமே சொல்லும். அதே நாலு பேர் தள்ளித் தள்ளி நின்றால் குரல் அங்கேயே அமுங்கிவிடும்.

ஆகவே முதலில் இடத்தைப் பாருங்கள். நின்று பார்க்கும் இடமா, நாற்காலியா? கூரை போட்ட அரங்கில் கைதட்டல் திரும்பி நம் காதிலேயே விழும். திறந்த மைதானத்தில் பாதி காற்றோடு போய்விடும். டர்பன் கோடைப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, யார் குதிப்பது?

அப்புறம் பசி, அதாவது பாட்டுக்கான ஏக்கம். இதுதான் பெரிய காரணம் என்பேன். 2011 பிப்ரவரியில் அயர்லாந்து ராக் குழுவான யூ டூ தென்னாப்பிரிக்கா வந்தபோது ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் மட்டுமே பாடியது. டர்பன்காரர் ஜோகன்னஸ்பர்க்குக்கே ஐந்தாறு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டும். அப்படிப் போனவர் கைகட்டி உட்காருவாரா? நிறவெறிக் காலப் புறக்கணிப்பால் வெளிநாட்டுக் குழுக்கள் அரிதாகவே வந்த நாடு இது. சொந்த நாடான அமெரிக்காவில் அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத பாடகர் ரொட்ரிகஸ் 1998-இல் இங்கே மேடையேறியபோது, அவர் பாட ஆரம்பிக்கும் முன்பே கூட்டம் கத்தித் தீர்த்தது. இசைத்தட்டில் மட்டுமே கேட்டு, செத்துப்போனார் என்று நம்பியிருந்த ஆள் அல்லவா!

அமைதியான ஊருக்கு ராக் பிடிக்காது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். ஆனால் மெல்லிய பாட்டுக்குப் பேச்சுமூச்சில்லாமல் நிற்பதும் ரசிப்பதுதான்.